ரைசோபியம் 200 கிராம் பாக்கெட்டும் மேகமலை வௌவாலும்

சென்ற ஆடிப் பட்டத்தில் ஆண்டிப்பட்டிப் பக்கத்து எங்கள் நிலத்தில் நிலக்கடலைக்கு ரைசோபியம் உயிர் உரத்தால் விதை நேர்த்தி செய்தேன். ரைசோபியம் என்பது கடலையின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கி வாழும் பாக்டீரியா. கறுப்புப் பொடியை ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து, பருப்பின் தோல் உரியாதபடி மெதுவாகப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வரப்போரம் நான்கு வரிசையை மட்டும் நேர்த்தி செய்யாமல் விட்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் இரு பக்கத்துச் செடிகளையும் மண்ணோடு கெல்லியெடுத்து வேரை அலசிப் பார்த்தோம். நேர்த்தி செய்யாத செடியிலும் முடிச்சுகள் இருந்தன. பல ஆண்டுகள் கடலை விளைந்த மண்ணில் இந்தப் பாக்டீரியா முன்பே குடியிருக்கும் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் நேர்த்தி செய்தவற்றில் அவை ஆணிவேரை ஒட்டி நெருக்கமாகவும் பருத்தும் இருந்தன. ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளியபோது உள்ளே இளஞ்சிவப்பாக, புதுக் காயம் போல இருந்தது. அது வேர்முடிச்சில் இருக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதத்தின் நிறம். முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

குறையும் உண்டு. முந்திய ஆண்டு வேறொரு கடையில் வாங்கிய பாக்கெட், தகரக் கூரையடியில் வெக்கையில் கிடந்தது; தேதியும் அழிந்திருந்தது. அதனால் எந்தப் பலனும் தெரியவில்லை. உள்ளே இருப்பது உயிர் என்பதை விற்பவர் மறந்தால் நாம் வாங்குவது வெறும் கரித்தூள்தான்.

இந்த இடத்தில், பாக்டீரியாவைப் போலவே கண்ணில் படாமல் என் கடலைக்கு உதவும் இன்னோர் உயிரான மேகமலையின் வௌவாலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சலீம் அலி பழந்தின்னி வௌவால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1948இல் இயற்கை ஆர்வலர் அங்கஸ் ஹட்டன் மேகமலையில் பிடித்த ஒன்றை வேறொரு சாதாரண வௌவால் என்று எண்ணி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் வைத்திருந்தார்கள். தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா 1972இல்தான் அதைப் புதிய பேரினம் என்று கண்டு பெயரிட்டார். வாலில்லாத, குகைகளில் அடையும் இந்த வௌவால் இரவில் காட்டத்தி போன்ற பழங்களைத் தின்று விதைகளைச் சோலையெங்கும் பரப்புகிறது. அந்த மலைக்காடுகள் பிடித்துவைக்கும் மழைநீர்தான் வைகையில் வருகிறது. எங்கள் கிணற்றின் ஊற்றும் வைகையை நம்பியதே.

எனவே என் கடலைக்கு இரண்டும் வேலை செய்கின்றன என்றே கருதுகிறேன். பாக்டீரியாவின் வேலையை நாற்பது நாளில் கையில் எடுத்துப் பார்த்துவிடலாம். வௌவாலின் வேலை மரமாக வளர்ந்து நம் கண்ணுக்குத் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். பாக்கெட்டில் உயிர் போய்விட்டால் ஆய்வகத்தில் சில நாட்களில் கோடிக்கணக்கில் பெருக்கித் தந்துவிடுவார்கள். பழந்தின்னி வௌவாலோ பொதுவாக ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் ஈனும். அது அடையும் குகை கலைந்துவிட்டால் அந்த இழப்பை எந்தக் கடையிலும் ஈடுசெய்ய முடியாது. எது பெரிது என்று கேட்டால், தயக்கமின்றி வௌவாலைத்தான் சொல்வேன்.

பாக்கெட்டுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தருகிறேன். வாங்குபவர்கள் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள்; வண்டியில் வெயில்படத் தொங்கவிடாமல் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள்; விதைக்கும்போது யூரியாவை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அது கூடினால் முடிச்சு குறைந்துவிடும்.