வயிறு உப்பிய வால்வு ஆம்ப்புக்கு எந்த மருந்து?

மட்டக்களப்பு, கல்லடி டச்பாரில் ஒரு பறங்கியர் (போர்த்துக்கீச, டச்சு வழிவந்தவர்கள்) கல்யாணம். வயலின் முன்னே ஓட, கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு நான் பின்னால் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். மெல்லிய தந்திகள் எல்லாம் தேனாகப் பேசின. தடித்த ஈ தந்தியைத் தட்டியதும் ஆம்ப்பிலிருந்து சுரம் வரவில்லை. மாரி மழையில் வயல் தவளை விடும் ஏப்பம் வந்தது. வயலின்காரர் வில்லை நிறுத்தாமலே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை என்னை இரண்டு மாதம் தூங்கவிடவில்லை. அந்த இரண்டு மாதத்தில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்த வைத்தியங்களைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளால் ஓடும் அந்த ஆம்ப் பழையது அல்ல. 1950களின் பிற்பகுதியில் ஃபெண்டர் நிறுவனம் செய்த ட்வீட் டீலக்ஸ் ஆம்ப்பின் 5ஈ3 என்ற மின்சுற்றைப் பார்த்து ஒருவர் கையால் கட்டிய நகல். முதல் கட்டத்தில் ஒரு 12ஏஒய்7 வால்வு, அடுத்து ஒரு 12ஏஎக்ஸ்7, கடைசியில் இரண்டு 6வி6, மின்னோட்டத்தை நேராக்க ஒரு 5ஒய்3, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். வலு சுமார் 12 வாட். குமிழ்கள் மூன்றே மூன்று: இரண்டு வால்யூம், ஒரு டோன். அந்த டோன் குமிழ் மேல் சுரங்களைத்தான் கூட்டும், குறைக்கும். பேஸுக்கென்று, அதாவது தாழ்ந்த சுரங்களுக்கென்று, குமிழே கிடையாது. வால்யூம் நான்கில் நிற்கும்வரை அந்த பேஸ் இதமாகத்தான் இருக்கும். ஆறைத் தாண்டினால் வயிறு உப்பிவிடும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேஸ் கூடுதலாகக் கேட்பது ஒரு நோய். பேஸ் உடைந்து மற்றச் சுரங்களையும் சேர்த்து நசுக்குவது இன்னொரு நோய். கிட்டாரின் தாழ்ந்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் பெரிய அலை 6வி6 வால்வுகளின் எல்லையைத் தொட்டுவிட்டால், அதன் மேல் சவாரி செய்யும் சிறிய அலைகளும் வெட்டுப்படும். உடைந்த பிறகு பேஸைக் குறைத்தால் சேறு கொஞ்சம் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். உடைவதற்கு முன்னாலேயே குறைத்தால் சேறே இராது. எந்த வைத்தியத்தையும் நான் எடைபோட்ட தராசு இதுதான்: அது உடைவதற்கு முன் வெட்டுகிறதா, பின் வெட்டுகிறதா?

செலவில்லாத வைத்தியம் முதலில். அந்த மண்டபத்தில் ஆம்ப்பைச் சீமெந்துத் தரையில், இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்திருந்தேன். தரையும் இரண்டு சுவரும் சேர்ந்து பேஸை அள்ளி முன்னே தள்ளும். பலகை மேடையாக இருந்தால் இன்னும் மோசம், மேடையே கூட அதிரும். கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் தோணியில் இருந்தபடி துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைப்பார்களே, அதே சங்கதிதான்: தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் வழியாகச் சத்தம் ஏறி வந்துவிடும். ஆம்ப்பை மூலையிலிருந்து இழுத்து ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஏற்றினேன். கூடுதல் பேஸ் என்ற முதல் நோய் பாதி தீர்ந்தது. ஏப்பம் அப்படியே இருந்தது. ஆனாலும் இதைச் செய்யாமல் பெட்டியைத் திறக்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்தது பெடல். பாஸ் (Boss) ஜிஇ-7 போன்ற ஈக்யூ பெடலில், அதாவது சுரப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் காற்பெட்டியில், ஏழு தடங்கள். மிகத் தாழ்ந்த தடம் 100 ஹெர்ட்ஸ், 15 டெசிபெல்வரை ஏற்றலாம், இறக்கலாம். கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் நிற்பதால் இது உடைவதற்கு முன்னாலேயே வெட்டுகிறது. தராசில் நேர்மையாக நிற்கிறது. 100 ஹெர்ட்ஸை ஐந்தாறு டெசிபெல் இறக்கியதும் ஏப்பம் கணிசமாக அடங்கியது. டியூப் ஸ்க்ரீமர் என்ற உடைப்புப் பெடலும் இதே வேலையை இன்னும் முரட்டுத்தனமாகச் செய்யும். அது தன் உடைப்புக் கட்டத்தில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும். ஆனால் தன் நடுச்சுர முகத்தையும் கொண்டுவந்து ஒட்டிவிடும்; வயலினோடு சேர்ந்து வாசிக்கும்போது அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. பெடலின் குறை வேறு: ஒரு அடாப்டர், ஒரு கேபிள், மேடையில் மிதிபட இன்னொரு பொருள். நேராகச் செருகி வாசிக்கத்தானே இந்த மாதிரி ஆம்ப்பை வாங்குகிறோம்?

ஸ்பீக்கரைப் பற்றி நீட்ட வேண்டாம். நண்பர் ஒருவரின் பெட்டியில் செலெஸ்ஷன் கிரீன்பேக் ஸ்பீக்கர் இருந்தது. 25 வாட் தாங்கும், அதன் ஒத்ததிர்வு 75 ஹெர்ட்ஸ். ஓம் கணக்கு பொருந்துகிறதா என்று பார்த்து அதில் செருகினேன். பேஸ் இறுகியது உண்மை. ஏப்பத்தில் ஒரு பங்கு என் மெலிந்த ஸ்பீக்கரின் கூம்பு தத்தளித்ததால் வந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆனால் வால்வில் நடக்கும் உடைவு ஸ்பீக்கருக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதை எந்த ஸ்பீக்கரும் ஒட்டவைக்க முடியாது. மட்டக்களப்புக்கு ஒரு நல்ல ஸ்பீக்கரை வரவழைக்கும் செலவில் மற்ற வைத்தியம் எல்லாவற்றையும் பலமுறை செய்து முடிக்கலாம். ஸ்பீக்கர் கிழிந்தால் மாற்றுங்கள். பேஸுக்காக மட்டும் மாற்றாதீர்கள்.

பெட்டியைத் திறக்கும் கட்டத்தில் புளியந்தீவில் வால்வு ரேடியோ காலத்திலிருந்து திருத்துவேலை செய்யும் ஒரு ஐயாவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "மனே, வயிறு உப்பினால் முதலில் ஓமத்தண்ணீர். கத்தியை மறுகா பார்க்கலாம்." கதிரையும் பெடலும் பார்த்தாயிற்று என்றேன். பிறகுதான் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே கை வைப்பதற்கு முன் அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இது உயிர்ப் பிரச்சினை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் உறுப்புகள்) 350 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். உறையிட்ட கம்பியில் கோத்த ஒரு தடையி வழியாக அதை மெல்ல இறக்கி, மீட்டர் வைத்துப் பூச்சியத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்தார். ஒரு கை எப்போதும் இடுப்பில். இன்னொன்று: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்ப்பைப் போடக்கூடாது, வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோர்மர் போய்விடும். இவை பழக்கமில்லாதவர் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

இணையத்தில் தேடினால் எல்லாரும் முதலில் சொல்லும் மருந்து, முதல் கட்டத்துக்குப் பின்னால் இருக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர்களை 0.022 ஆக்குவது. நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். ஐயா ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் கணக்குப் போட்டார். வால்யூம் முழுதாகத் திறந்திருக்கும்போது அந்தக் கண்டென்சருக்கு முன்னால் நிற்கும் சுமை, அதாவது தடை, சுமார் ஒரு மெகாஓம். 0.1 என்றால் பேஸ் வெட்டு 1.6 ஹெர்ட்ஸில் தொடங்கிக் கீழே போகும்; 0.022 என்றால் 7 ஹெர்ட்ஸில். இரண்டுமே 82க்கு எத்தனையோ கீழே. அப்படியானால் மாற்றியவர்கள் எல்லாரும் வித்தியாசம் கேட்டது எப்படி? இந்தச் சுற்றில் வால்யூம் குமிழ் தலைகீழாகக் கட்டப்பட்டிருக்கிறது; சமிக்ஞை நடுமுனை வழியாக நுழைகிறது. அதனால் குமிழைக் குறைக்கக் குறைக்கச் சுமையும் குறைகிறது. சுமை 100 கிலோஓம் அளவுக்கு இறங்கும் இடத்தில் 0.022 கண்டென்சர் 72 ஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்கிவிடும். ஆக, மெதுவாக வாசிக்கும்போது, பேஸ் இதமாக இருக்கும் நேரத்தில், அதைப் பிடுங்குகிறது. சத்தமாக வாசிக்கும்போது, ஏப்பம் வரும் நேரத்தில், ஒதுங்கி நிற்கிறது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். இவ்வளவு புகழ்பெற்ற மாற்றம் இவ்வளவு முகவரி தப்பியது என்று நான் நினைத்ததே இல்லை.

அதே 0.1 கண்டென்சர்கள் இன்னோர் இடத்திலும் இரண்டு இருக்கின்றன: 6வி6 வால்வுகளின் வாசலில். அங்கே மாற்றுவது வேறு கதை. அங்கே சுமை 220 கிலோஓம். 0.022 போட்டால் வெட்டு 33 ஹெர்ட்ஸ். இதுவும் ஈ தந்தியின் 82க்கு நன்றாகக் கீழேதான். ஆனால் வால்வை மிகையாக ஓட்டும்போது அதன் கிரிட், அதாவது சமிக்ஞை நுழையும் முனை, மின்னோட்டத்தை இழுத்து அந்தக் கண்டென்சரில் தேவையில்லாத மின்னேற்றத்தைத் தேக்கிவிடும். அது வடியும்வரை வால்வு மூச்சுத் திணறும். 0.1க்கு அது வடியும் வேகத்தைச் சொல்லும் நேர மாறிலி 22 மில்லிசெக்கன். முழுதாக வடிய அதைப்போல் நான்கைந்து மடங்கு எடுக்கும். 0.022க்கு ஐந்து மில்லிசெக்கனுக்கும் குறைவு. பைலா ஆட்டப் பாட்டின் 6/8 ஓட்டத்தில் அடுத்த தட்டு வருவதற்குள் ஆம்ப் மூச்சு விட்டிருக்க வேண்டும். என் தவளை ஏப்பத்தின் வால் இங்கேதான் இருந்தது. தட்டிய பிறகு ஒரு கணம் இழுத்துக்கொண்டு நின்ற அந்த வழவழப்பு இந்த மாற்றத்தோடு போய்விட்டது. புதிய கண்டென்சர் குறைந்தது 400 வோல்ட் தாங்க வேண்டும். 600 என்றால் நிம்மதி.

எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம் கடைசியில் வந்தது. இரண்டாம் கட்டத்தில், 12ஏஎக்ஸ்7இன் கத்தோட்டில் (வால்வின் எதிர்முனை), ஒரு 1.5 கிலோஓம் தடையியும் அதோடு ஒட்டி ஒரு 25 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் இருக்கின்றன. தனியாக விட்டால் அந்தத் தடையி வால்வின் பெருக்கத்தைப் பிடித்து இழுத்துக் குறைக்கும். கண்டென்சர் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. 25 என்ற பெரிய அளவு எல்லாச் சுரத்துக்கும் பிடியைத் தளர்த்திவிடும். அளவைச் சிறிதாக்கினால் மேல் சுரங்களுக்கு மட்டும் தளர்த்தி, பேஸைப் பிடித்தபடி வைத்திருக்கும். கண்டென்சரை அடியோடு கழற்றினாலும் குறைவது ஆறு டெசிபெலுக்கு உள்ளேதான். அதனால் எவ்வளவு தைரியமாகப் போனாலும் ஆம்ப் தகரடப்பா ஆகிவிடாது. இந்த எல்லைதான் என்னைக் கவர்ந்தது.

ஐயா ஒரு சிறு சுழல் சுவிட்சில் மூன்று அளவுகளைக் கட்டி வெளியே விட்டார். கணக்குப்படி 82 ஹெர்ட்ஸில் 2.2 மைக்ரோஃபாரட் இரண்டு டெசிபெலுக்குச் சற்று மேல் குறைக்கும், 1 மைக்ரோஃபாரட் நான்குக்குச் சற்று மேல், 0.68 ஐந்து. 2.2இல் வித்தியாசம் இருக்கிறதா என்று யோசித்துக் கேட்க வேண்டியிருந்தது. 0.68இல் தடித்த தந்தி சுத்தமாக இருந்தது, ஆனால் தனியாக வாசிக்கும்போது யாரோ கீழ்ப்பலகையைக் கழற்றியது போலத் தோன்றியது. 1இல் நின்றோம். வால்யூம் ஏழில் கூட ஈ தந்தி சுரமாகவே வந்தது. முதல் கட்டத்தின் கத்தோட்டிலும் இதையே செய்யலாமா என்று கேட்டேன். அங்கே இரண்டு சேனல்களும் ஒரே 820 ஓம் தடையியைப் பகிர்ந்துகொள்கின்றன, 12ஏஒய்7இன் பெருக்கமும் குறைவு; கிடைப்பது இரண்டு டெசிபெல் கூட வராது என்றார். விட்டுவிட்டோம். புதிய கண்டென்சரின் விலை ஒரு கொத்து ரொட்டிக்குக் கிட்டவும் வராது.

5ஒய்3ஐக் கழற்றி ஜிஇசட்34 என்ற வேறொரு நேராக்கி வால்வைப் போடச் சொல்பவர்களும் உண்டு. மின்னழுத்தம் ஏறும், பேஸ் இறுகும். ஆனால் ஏற்கெனவே எல்லையை ஒட்டி ஓடும் 6வி6 வால்வுகளை இன்னும் சூடேற்றிப் பெறும் இறுக்கம் அது. தன் ஆயுள் முடிவதற்கு முன் வால்வு எரிந்தால் இங்கே மாற்று வால்வு கடைத்தெருவில் கிடைக்காது. ஸ்பீக்கருக்குப் போகும் சமிக்ஞையில் ஒரு துளியை எதிர்முகமாக உள்ளே திருப்பி அனுப்பும் எதிர்ப்பின்னூட்டம் கொண்டுவருவது நல்ல பொறியியல். ஃபெண்டரின் சாம்ப் 5எஃப்1 ஆம்ப்பில் 22 கிலோஓம் தடையி வழியாக அது இருக்கிறது. ஆனால் டீலக்ஸின் அந்த அவிழ்ந்த குணமே பின்னூட்டம் இல்லாததால் வருவது. எனக்கு அந்தக் குணம் வேண்டும், ஏப்பம்தான் வேண்டாம்.

எனவே, என் வரிசை இப்படி. சிறிய கூடத்தில், ஆலயத்தில், வால்யூம் ஐந்துக்குள் வாசிப்பவருக்குக் கதிரை போதும். குறை மிஞ்சினால் ஈக்யூ பெடல். மேடையில் சத்தமாக வாசிப்பவருக்கு இரண்டாம் கட்டக் கத்தோட்டில் 1 மைக்ரோஃபாரட், 6வி6 வாசலில் 0.022 இரண்டு. முதல் கட்டத்து 0.1களை அப்படியே விட்டேன். மெதுவான வாசிப்பில் அந்த பேஸ் எனக்கு இன்னும் வேண்டும்.

அடுத்த கல்யாணத்தில் அதே வயலின்காரர். இந்த முறை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழற்றிய மூன்று கண்டென்சர்களையும் ஒரு சிறு பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, பெட்டியின் உட்புறப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆம்ப் கை மாறும் நாளில் வாங்குபவர் கட்டாயம் கேட்பார்.