காபியை விடுவது: பட்டென்றா, படிப்படியாகவா, டிகாஃப் வழியாகவா?

பதற்றம் தணியுமா என்று பார்ப்பதற்காகக் காபியை விடப்போகிறேன் என்று யாராவது சொன்னால், "எப்படி விடப்போறீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். அடுத்த பத்து நாள் எப்படிப் போகும் என்பது விடும் முறையைப் பொறுத்தது. கடைசியில் நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள் என்பதும் அதைப் பொறுத்ததுதான். பட்டென்று நிறுத்திய பலர் மூன்றாம் நாளே, "காபியை விட்டதும் பதற்றம் கூடிவிட்டது, எனக்குக் காபிதான் ஒத்துக்கொள்கிறது" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் பழைய கப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். காபி இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியவே இல்லை. அன்று அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் காஃபீன் இறங்கும்போது உடல் படும் பாடு மட்டும்தான். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிற முறை எது என்பதை வைத்துத்தான் இங்கே ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்கான ஏற்பிகளில் போய் அமரும்போதுதான் அசதியும் தூக்கமும் வரும். காஃபீன் அந்த இடங்களை மறித்து உட்கார்ந்துகொள்கிறது. அசதி தெரியாது. ஆனால் கூடவே அட்ரினலின் கூடும், ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும், கை லேசாக நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பயந்தால் உடம்பு என்னென்ன செய்யுமோ, ஏறக்குறைய அத்தனையும் நடக்கும். ஏற்கெனவே பதற்றத்தோடு போராடுகிறவருக்குக் காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டால் மனம் சும்மா இருக்காது, ஏதாவது ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துவிடும். நேற்று மேலாளர் அனுப்பிய ஒற்றை வரி மெயில் போதும்.

இது வெறும் ஊகம் இல்லை. பேனிக் கோளாறு (திடீர்ப் பீதி திரும்பத் திரும்பத் தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து கப் காபிக்குச் சமமான காஃபீனைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2022-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு பேனிக் அட்டாக் வந்தது. காஃபீன் இல்லாததைக் கொடுத்தபோது ஒருவருக்கும் வரவில்லை. அந்தக் கோளாறு இல்லாதவர்களிடம் காஃபீன் அட்டாக்கைத் தூண்டியது நூற்றில் இரண்டு பேருக்குக்கூட இல்லை. ஆக, ஒரே கப் ஒருவருக்குச் சுறுசுறுப்பாகவும் இன்னொருவருக்கு நடுக்கமாகவும் இறங்குவதில் ஆச்சரியமில்லை. அடினோசின் ஏற்பியை உருவாக்கும் மரபணுவில் உள்ள சிறு வேறுபாடே சிலரைக் காஃபீனுக்குப் பதற்றப்பட வைக்கிறது. கல்லீரல் அதை வெளியேற்றும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். ரத்தத்தில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்னும் நீளும். புகைபிடிப்பவர்களுக்கு வேகமாக இறங்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சிகரெட்டை விட்டவர் காபியை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தால், அதே கப்பிலிருந்து முன்பைவிடக் கூடுதல் காஃபீன் ரத்தத்தில் தங்கும். அவருக்கு வரும் படபடப்பு முழுவதும் நிக்கோட்டின் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

பட்டென்று நிறுத்துவது

இதன் கவர்ச்சி புரிகிறது. கணக்கு வேண்டாம், அளவு வேண்டாம். இன்றைக்கு இருந்தது, நாளைக்கு இல்லை.

உடல் அவ்வளவு எளிதாக விடாது. கடைசிக் கப்புக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் விலகல் அறிகுறிகள் தொடங்கும். இரண்டாம் நாள் அளவில் உச்சத்துக்குப் போகும். இரண்டு முதல் ஒன்பது நாள் வரை நீடிக்கலாம். பாதிப் பேருக்குத் தலைவலி வரும். காஃபீன் இறுக்கிப் பிடித்திருந்த மூளை ரத்தக் குழாய்கள் விரிவதால் வரும் வலி அது. கண்ணுக்குப் பின்னால் தொடங்கி நெற்றி முழுக்கப் பரவும். குனிந்து செருப்பை மாட்டினால்கூட விண்ணென்று தெறிக்கும். ஆனால் பதற்றத்துக்காக நிறுத்தியவரை ஏமாற்றுவது தலைவலி இல்லை, அதோடு வரும் மற்றவைதான்: சிடுசிடுப்பு, கவனம் நிற்காமை, எதிலும் பிடிப்பில்லாத மந்தம், சிலருக்குக் காய்ச்சல் வருவது போன்ற உடல்வலி. இவற்றில் பாதி, மனச்சோர்வின் பட்டியலிலும் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேடு காஃபீன் விலகலைத் தனி நோயறிதலாகவே சேர்த்திருக்கிறது. நாளுக்கு 100 மில்லிகிராம், அதாவது ஒரு கப் மட்டுமே குடிப்பவருக்கும் இது வரலாம்.

அதனால் பட்டென்று நிறுத்துபவர் முதல் பத்து நாளில் தன் மனநிலையைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. இதைக் கடைப்பிடிக்க முடியும் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஒன்றிரண்டு கப் மட்டுமே குடிப்பவர்களுக்கும், "கொஞ்சம்" என்ற அளவே கைக்கு அடங்காதவர்களுக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே மனச்சோர்வின் பிடியில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. காஃபீன் லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவிக்கொண்டிருக்கும், அது திடீரென்று நின்றால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். க்ளோசபின் என்ற மனநல மருந்தை எடுப்பவர்களும் காபி அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

தலைவலிக்கு மாத்திரை போடுவதாக இருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பாராசிட்டமாலோடு காஃபீன் சேர்த்த மாத்திரைகள் இருக்கின்றன. வலி சட்டென்று போவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள், நிறுத்தியதோ வேறு வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கும்.

படிப்படியாகக் குறைப்பது

எனக்குப் பிடித்த முறை இது. பிடித்ததற்குக் காரணம் வலி குறைவு என்பது மட்டுமில்லை, எந்தக் கப் உங்களை என்ன செய்தது என்பது இந்த முறையில்தான் தெரியவரும்.

நாளின் கடைசிக் கப்பிலிருந்து தொடங்க வேண்டும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் காஃபீன்கூட ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கத்தைக் குறைத்தது என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதில் கலந்துகொண்டவர்கள் பலருக்குத் தூக்கம் குறைந்ததே தெரியவில்லை. தூக்கம் குறைந்தால் மறுநாள் பதற்றம் கூடும், அசதிக்கு இன்னொரு கப் தேவைப்படும், அது மறுபடி தூக்கத்தைக் குறைக்கும். மாலைக் கப்பை மட்டும் எடுத்துவிட்டாலே இந்தச் சுற்று உடைந்துவிடுகிறது. பலருக்கு இந்த ஒன்றே போதும், முழுதாக விடவேண்டிய தேவையே வராது. எனவே "விடுவதா, வேண்டாமா" என்று தவிப்பவர்கள் மதியத்துக்குப் பின் காபி இல்லை என்ற விதியை இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு மேலே யோசிக்கலாம்.

மாலை, முற்பகல் என்று குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் காலைக் கப்பில் வந்து நிற்கும். எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது, அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. இரவு முழுக்கக் காஃபீன் இறங்கிக்கொண்டே இருந்ததால், காலையில் எழும்போது உடல் விலகலின் வாசலில் நிற்கிறது. முதல் வாய் காபியில் கிடைக்கும் அந்தத் தெளிவில் பெரும்பகுதி, இந்த விலகல் நீங்குவதால் வருவதுதான். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ரோஜர்ஸ் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: வழக்கமாகக் குடிப்பவர்களைக் காஃபீன், குடிக்காதவர்களின் இயல்பான விழிப்பு நிலைக்குத்தான் கொண்டுவந்து சேர்த்தது, அதற்கு மேலே தூக்கிவிடவில்லை. இதைத் தெரிந்துகொண்டபோது என் மனதில் காலைக் கப் பற்றிய பயம் பாதி குறைந்தது. அது இல்லாமல் நான் குறைந்துபோகமாட்டேன், கொஞ்ச நாள் பொறுத்தால் போதும் என்று தைரியம் வந்தது.

இந்த முறையின் பலவீனம், அளவு நழுவுவது. கப் எண்ணிக்கை குறையும், கப் பெரிதாகும். அல்லது தூள் ஒரு கரண்டி கூடும். ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன் இருக்கிறது, ஆகவே தூளை மாற்றினாலே கணக்கு கவிழ்ந்துவிடும். ஒரே தூள், ஒரே கப், தலைதட்டிய ஒரே கரண்டி என்று வைத்துக்கொண்டு வாரத்துக்குக் கால் பங்கு குறைப்பது தாங்கக்கூடிய வேகம்.

டிகாஃப்

காஃபீன் நீக்கிய காபியை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் மதிக்கிறேன். அதிலும் ஒரு கப்புக்கு 2 முதல் 15 மில்லிகிராம் வரை காஃபீன் மிச்சமிருக்கும், சாதாரணக் கப்பில் சுமார் 95. பதற்றத்துக்கு அந்த மிச்சம் ஒரு பொருட்டே இல்லை.

அதன் உண்மையான பலம் வேறு. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தினமும் மூன்று கப்போ அதற்கு மேலோ குடிப்பவர்களை 24 மணி நேரம் காபி இல்லாமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு சிலருக்கு டிகாஃப் கொடுத்து, அது டிகாஃப்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். அப்படியிருந்தும் அவர்களுடைய விலகல் அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு தணிந்தன. ஆவி, மணம், கசப்பு, கையில் கப்பின் சூடு, இத்தனையையும் உடல் நிவாரணத்தோடு சேர்த்துப் பழகியிருக்கிறது. அது நிரந்தரத் தீர்வு இல்லைதான், ஆனால் இரண்டாம் நாள் மதியத்தைக் கடக்கத் தாராளமாகப் போதும்.

இரண்டு டப்பாக்களை அருகருகே வைத்து, முதல் வாரம் மூன்று பங்கு சாதாரணத் தூளுக்கு ஒரு பங்கு டிகாஃப், அடுத்து சரிபாதி, அடுத்து ஒன்றுக்கு மூன்று என்று கலந்தால் காலைக் கப்பின் சிக்கலும் தீர்கிறது. கப்பும் நேரமும் மாறாது, உள்ளே இருப்பது மட்டும் மாறிக்கொண்டே போகும். வயிற்று எரிச்சலுக்காக விடுபவர்களுக்கு மட்டும் இது உதவாமல் போகலாம், டிகாஃபும் வயிற்றில் அமிலத்தைச் சுரக்க வைக்கும்.

தேநீருக்கு மாறுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு கப்பில் 30 முதல் 50 மில்லிகிராம் காஃபீன், கூடவே அமைதிப்படுத்தும் தன்மை கொண்ட தியானின். நடுக்கம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு கப் காபியை விட்டவர் ஐந்து கப் தேநீருக்குப் போனால் காஃபீன் அளவு பழைய இடத்திலேயே நிற்கும். இறங்கும் வழியில் ஒரு படியாக வைத்துக்கொள்ளலாம், சோதனையின் முடிவாக வைத்துக்கொள்ளக்கூடாது.

பதற்றம் ஒன்று, மனநிலை வேறொன்று

இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதில்தான் குழப்பமே வருகிறது. காபியை விட்டால் பதற்றம் குறையும் என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. மனச்சோர்வு குறையும் என்பதற்கு அப்படி இல்லை. அமெரிக்காவில் ஐம்பதாயிரம் பெண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு நான்கு கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 20 சதவீதம் குறைவாக இருந்தது. டிகாஃப் குடித்தவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. காபிதான் காத்தது என்று இதை வைத்து நிரூபித்துவிட முடியாது. ஏற்கெனவே மனம் சோர்ந்தவர்கள் காபியைக் குறைத்திருக்கவும் கூடும். ஆனாலும் காபியை விட்டால் மனம் தானாக மலர்ந்துவிடும் என்று வாக்குக் கொடுப்பவர்களை நம்பவேண்டாம் என்று சொல்ல இது போதும்.

ஒரே ஆளிடம் படபடப்பு குறைந்து, உற்சாகமும் கொஞ்சம் மங்குவது நடக்கக்கூடியதுதான். உங்கள் சிக்கல் நெஞ்சு அடித்துக்கொள்வது, கை நடுங்குவது, இரவு மூன்று மணிக்கு விழிப்பது என்று உடம்பில் இருந்தால், விடுவதில் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். எதிலும் ஆர்வமில்லை, காலையில் எழப் பிடிக்கவில்லை என்று இருந்தால் காபியில் கைவைப்பதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. பதற்றத்துக்கு ஏற்கெனவே மருந்தோ ஆலோசனையோ எடுப்பவர்கள், காபியை விட்டதில் தேறியதாகத் தோன்றினாலும் அந்தச் சிகிச்சையைத் தாமாக நிறுத்தக்கூடாது.

என் தேர்வு, படிப்படியும் டிகாஃபும் சேர்ந்த முறை. மூன்று நான்கு வாரத்தில் கலவையைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அதன்பிறகு ஒரு மாதம் அங்கேயே நிற்பது. படபடப்பு, தூக்கம், எரிச்சல் மூன்றுக்கும் இரவில் ஒரு மதிப்பெண் எழுதி வைப்பது, ஆனால் இறங்கும் வாரங்களின் எண்களைக் கணக்கில் எடுக்காமல் சுழிய மாதத்தின் எண்களைத் தொடங்குவதற்கு முன்பிருந்தவற்றோடு மட்டும் ஒப்பிடுவது. பேனிக் அட்டாக் வந்த அனுபவம் இல்லாதவர்கள் மாத முடிவில் ஒரு காலை அரைக் கப் சாதாரணக் காபி குடித்துப் பார்க்கலாம். உடலின் பழக்கம் விட்டுப்போயிருப்பதால் அது முன்பைவிடப் பலமாகத் தாக்கும், அதனால்தான் அரைக் கப். அடுத்த இரண்டு மணி நேரம் உடம்பு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அன்றைக்கு முக்கியமான கூட்டமோ நீண்ட பயணமோ இருந்தால் சோதனையை வேறு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.