லாஸ்பேட்டையில் இறங்கினேன்

பாரிஸ் பக்கம் நாங்கள் இருக்கும் இடத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பாண்டிக்காரர் மேல்தான் விழ வேண்டும். அவர்களிடம் போய் இந்தத் தடவை பாண்டி ஏர்போர்ட்டிலேயே இறங்கப்போகிறேன் என்று சொன்னால், "அது ஓடுதா இப்போ?" என்று கேட்கிறார்கள். ஒருத்தர் இல்லை, நான் சொன்ன எல்லாரும். கேட்பதில் தப்பும் இல்லை, கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் நிற்கும், அதன் கதையே அப்படித்தான்.

எங்கள் வீட்டில் ஊர்ப் பயணம் என்றால் இதுவரை சென்னைதான். நடுராத்திரி மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டி வரக் காத்திருந்து, சித்தப்பா சொல்லி வைத்த காரைக் கூட்டத்தில் தேடிப் பிடித்து, திண்டிவனம் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். 2024 கோடையில் வந்தபோது செங்கல்பட்டு தாண்டியதும் டிரைவர் அண்ணனுக்குக் கண் சொருக ஆரம்பித்துவிட்டது. மேல்மருவத்தூரில் ஒரு டீ, அச்சிறுபாக்கத்தில் ஒரு டீ, அதற்கப்புறம் அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதையைக் கேட்டுக் கேட்டே வீடு வந்து சேர்ந்தோம். பாவம், முந்தின ராத்திரியும் அவருக்கு இதே சவாரியாம். அன்றைக்கே முடிவு பண்ணினேன், ராத்திரி கார் இனி வேண்டாம்.

ஆனால் அந்தக் கோடையில் பாண்டிக்கு விமானமே இல்லை. இந்த ஊர் விமான நிலையத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏன் யாரும் நம்புவதில்லை என்று புரியும். 1993-இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைந்துபோன வாயுதூத் என்ற அரசு விமான நிறுவனத்தின் காலத்திலேயே இங்கே சின்ன விமானம் வந்ததுண்டு. அப்புறம் நீண்ட தூக்கம். புது முனையக் கட்டடம் கட்டி 2013 ஜனவரியில் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு ஓட்டியது, அடுத்த வருஷமே நின்றது. 2015-இல் அலையன்ஸ் ஏர் வந்தது, அந்த வருஷத்தைக்கூடத் தாண்டவில்லை. 2017 ஆகஸ்டில், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில், மறுபடி ஸ்பைஸ்ஜெட், முதலில் ஹைதராபாத், அடுத்த வருஷம் பெங்களூர். கொரோனாவில் நின்று, 2022 மார்ச்சில் திரும்ப ஆரம்பித்து, 2024 மார்ச்சில் மறுபடி நின்றது. அந்த டிசம்பர் 20-ஆம் தேதி இண்டிகோ வந்தது. நான் ஏறியது அதில்தான்.

இதற்கு யாரையும் பெரிதாகத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. உடான் கணக்கே அப்படி. குறிப்பிட்ட அளவு இருக்கைகளைக் குறைந்த கட்டணத்தில் விற்க வேண்டும் (ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள்), அதனால் விழும் துண்டை அரசு மூன்று வருஷம் போட்டுக் கொடுக்கும், அதற்குள் வழித்தடம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். பாண்டியில் நிற்பது கஷ்டம், ஏனென்றால் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானம் ஆள் நிரப்பிக்கொண்டு இறங்கி ஏற அது போதாது. ஆகவே ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த விமானம், எழுபத்தெட்டு இருக்கை, அவ்வளவுதான். அவ்வளவு குறைந்த இருக்கையில் லாபம் பார்ப்பது லேசில்லை. சரி, ஓடுபாதையை நீட்டிவிடலாமே என்றால் நீட்ட வேண்டிய நிலத்தில் ஒரு பகுதி தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது. இந்தத் தெரு புதுச்சேரி, அடுத்த தெரு விழுப்புரம் மாவட்டம் என்று பங்கு பிரித்த வீடு மாதிரி இருக்கும் ஊரில் இதில் ஆச்சரியம் என்ன? இரண்டு அரசும் பேச வேண்டும், பணம் யார் தருவது என்று தீர வேண்டும். பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

என் பயணத்துக்கு வருகிறேன். பாரிஸ் விமானம் பெங்களூரில் இறங்கியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. பாண்டி விமானம் மறுநாள் மத்தியானம். நடுவில் பத்து மணி நேரத்துக்கு மேல்! அதற்குள் ஒரு காரைப் பிடித்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி என்று வந்திருந்தால் வீட்டில் குளித்துவிட்டு இட்லியும் சாப்பிட்டு முடித்திருக்கலாம். ஆக, நேரம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மிச்சமானது ராத்திரி ரோட்டுப் பயம் மட்டும்தான். வெளிநாட்டு விமானம் இரண்டாம் முனையம், இண்டிகோ உள்நாட்டு விமானம் முதல் முனையம், நடுவில் பஸ் விடுகிறார்கள், அதில் சிக்கலில்லை.

சிக்கல் எடையில் வந்தது, தப்பு என்னுடையது. இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்திருந்தேன். பாரிஸிலிருந்து இருபத்து மூன்று கிலோவாக இரண்டு பெட்டி, உள்நாட்டு டிக்கெட்டில் பதினைந்தே கிலோ. அத்தைக்கு வாங்கிய சாக்லேட், சித்தப்பாவின் சென்ட் பாட்டில், மச்சான் கேட்ட ஷூ எல்லாவற்றுக்கும் இன்னொரு தடவை விலை கொடுத்த மாதிரி ஆயிற்று. ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால் அப்படியே எடுங்கள், கிடைக்காவிட்டால் கூடுதல் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கி வைத்துவிடுங்கள்.

பின்பக்கக் கதவில் ஏறி, ஒன்றே கால் மணி நேரத்தில் பாண்டி ஏர்போர்ட் இருக்கும் லாஸ்பேட்டை. பிரெஞ்சு கவர்னர் லா தெ லொரிஸ்தோன் பேரில் வந்த பேட்டை அது, இதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் ஊர்மேல் கொஞ்சம் மரியாதை வருகிறது. விமானத்திலிருந்து இறங்கித் தரையில் நடந்தே முனையத்துக்குப் போகிறோம், கொதிக்கிற வெயில், கடல் காத்து. உள்நாட்டு விமானம் என்பதால் குடியுரிமைச் சோதனை வரிசை இல்லை, சுங்கம் இல்லை, எல்லாம் பெங்களூரிலேயே முடிந்துவிட்டது. வெளியே வந்தால் மச்சான் ஸ்கூட்டியில் நிற்கிறான்! வெளிநாட்டிலிருந்து வருகிறவனைக் கூப்பிட ஸ்கூட்டியா என்று கேட்டேன். "பத்து நிமிஷத்துக்கு எதுக்குடா காரு?" என்றான். பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டு அவன் பின்னால் உட்கார்ந்து கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தேன். இருபது வருஷத்தில் இப்படி ஒரு வருகை எனக்குக் கிடைத்ததில்லை.

நான் வந்த விமானமே அப்படியே ஹைதராபாத் போய், சாயங்காலம் திரும்பி வந்து, பெங்களூருக்குப் போகிறதாம். அதனால் திரும்பும் பயணத்துக்குத்தான் இது கச்சிதம். சாயங்காலம் இங்கே ஏறினால் இருட்டியதும் பெங்களூர், பாரிஸ் விமானத்துக்கு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அம்மா ஒப்புக்கொள்ள வேண்டுமே. "மழை வந்தா வராது, ஆள் இல்லைன்னா வராது, அதை நம்பாதே, காருக்குச் சொல்லிடு" என்று ஒரு வாரம் பாட்டு. மழைக்காலத்தில் அம்மா சொல்வதில் நியாயம் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் என்றால் நானே ஒரு நாள் முன்னதாகக் கிளம்பிவிடுவேன். இது தை மாதம், வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கடைசியில் சித்தப்பா மறைவாக ஒரு கார்க்காரரிடம் தயாராக இருக்கச் சொல்லி வைத்துவிட்டுத்தான் என்னை அனுப்பினார்.

பெங்களூரில் இறங்கி போனை ஆன் செய்தால் அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி. மொட்டை மாடியில் வடாம் எடுக்கப் போனாராம், "உன் ஃபிளைட்டு தலைக்கு மேலேயே போச்சு, கை காட்டினேன், பாத்தியா?"