ஆறு குளிர்காலம், ஒரு லென்ஸ், லிவா மணல்

தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் இந்த 70-200 எஃப்/4 ஜூம் லென்ஸை 2018 நவம்பரில் வாங்கியபோது மணல்மேடு என் கணக்கிலேயே இல்லை. ஊரில் தங்கை கல்யாணத்துக்குப் படம் எடுக்க வாங்கினேன். கல்யாணம் முடிந்து என்னோடு அபுதாபிக்கு வந்த லென்ஸ், அடுத்த ஆறு குளிர்காலங்களையும் லிவாவில் மணல் தின்றே கழித்தது. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று கேட்காதீர்கள். மணலுக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியாது.

லிவா, அபுதாபி நகரத்துக்குத் தென்மேற்கே, காரில் இரண்டரை மணி நேரப் பயணம். பேரீச்சந்தோப்புகள் வில்போல் வளைந்து கிடக்கின்றன. அவற்றுக்குத் தெற்கே ரூப் அல் காலி, அதாவது வெற்று நிலம் எனப்படும் பெரும் மணல் பாலைவனம், தொடங்குகிறது. கடலோரத்து மணல் வெளிறியிருக்கும். உள்ளே போகப் போக இரும்புத் துரு ஏறிச் செம்மஞ்சளாகும். மேடுகளுக்கு நடுவே சப்கா எனப்படும் உப்புத் தரைகள், சுண்ணாம்பு அடித்த முற்றம்போல் தட்டையாக இருக்கும்.

முதல் ஆண்டு நான் நம்பியது 16-35 வைட் லென்ஸைத்தான். பெரிய இடத்துக்குப் பெரிய கோணம் என்று நினைத்தேன். கண்முன் மலையாக நின்ற மேடு, படத்தில் அரிசிக் குவியலாகச் சுருங்கியது. பாதிப் படத்தை என் காலடித் தடங்களே நிரப்பின. 70-200-ஐ மாட்டிய பிறகுதான் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நின்றன. சப்காவில் நிற்கும் ஒரு காரை 200-இல் வைத்து, பின்னால் மேட்டை நிறுத்தினால் அதன் உயரம் எவருக்கும் புரியும். இப்போது நான் எடுப்பவற்றில் பெரும்பாலானவை 100-க்கும் 200-க்கும் இடையில்தான். வைட் லென்ஸை விற்றுவிட்டேன்.

பாலைக்குச் சிறுபொழுது நண்பகல் என்கிறது இலக்கணம். படம் எடுப்பவனுக்கு அதைவிட ஆகாத பொழுது கிடையாது. உச்சி வெயிலில் மேடும் பள்ளமும் ஒரே நிறத்தில் கரைந்து, மணல் வெறும் காகிதமாகிவிடும். சூரியன் தாழ்ந்திருக்கும்போதுதான் காற்று வரைந்த வரிகளுக்கு நிழல் விழும். குளிர்காலத்தில் விடிந்த முதல் நாற்பது நிமிடமும் மாலையில் கடைசி நாற்பது நிமிடமும்தான் என் வேலை நேரம். நிழல் பக்கத்து மணலுக்கு வானத்தின் ஒளி மட்டுமே கிடைப்பதால் அது நீலமாகத் தெரியும். நிறத்தைத் தானே சரிசெய்யும் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை இந்த நீலத்தையும் செம்மையையும் ஒன்றாகக் கலந்து சாம்பலாக்கிவிடுகிறது. அதனால் நான் அதைப் பகல் வெளிச்சத்தில் பூட்டியே வைத்திருக்கிறேன். வெயிலில் பளிச்சென்று நிற்கும் மணலைப் பார்த்துக் கேமரா பயந்து இருட்டாக்கும். மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டாப் வரை வெளிச்சத்தைக் கூட்டி, அதன் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொள்கிறேன்.

வெளிச்சத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆறு ஆண்டுகளில் என் படத்தைத் தீர்மானித்தது காற்று. முந்தைய நாள் ஷமால் என்னும் வடமேற்குக் காற்று வீசியிருந்தால் வண்டித் தடமெல்லாம் அழிந்து மேடு புதிதாக இருக்கும். வீசாவிட்டால் வார விடுமுறைக் கும்பலின் டயர் கோடுகள்தான் கிடைக்கும். ஆகவே புறப்படுமுன் நான் பார்ப்பது சூரியோதய நேரத்தை அல்ல, காற்றின் வேகத்தை. வீசும்போது முகட்டிலிருந்து புகைபோல் மணல் பறக்கும். சூரியனை அதற்குப் பின்னால் வைத்தால் அந்தப் புகை தங்கமாகும். அந்த ஒரு படத்துக்காக நான் கொடுத்த விலைதான் இனி வருவது.

பெட்டியில் தூசிக்கும் ஈரத்துக்கும் தாங்கும் என்று எழுதியிருந்தது. மழைக்குத் தாங்கியது. மணல் வேறு கதை. காற்றில் மணல் துகள்கள் தத்தித் தத்திப் போகின்றன. பெரும்பாலானவை முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. தாழ்வான கோணத்துக்காகக் கேமராவை மணலோடு ஒட்டி வைத்தவன், அதாவது நான், அந்த ஓட்டத்தின் நடுவிலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். இந்த லென்ஸ் ஜூம் செய்யும்போது நீளாது, அதனால் பிழைத்தது. நண்பருடைய 24-105 ஒவ்வொரு முறை நீளும்போதும் காற்றை உள்ளே இழுத்து, அதனோடு மணலையும் இழுத்து, இரண்டாவது பயணத்திலேயே நறநறவென்றது. முன்பக்கம் மாட்டிய யுவி ஃபில்டரில் இப்போது இருப்பது மூன்றாவது. முதலிரண்டும் மணல் அடித்து மங்கிப்போயின. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரின் வளையம் ஒருநாள் இறுகிக்கொண்டு திரும்பவே இல்லை.

டிரைபாட்தான் முதல் பலி. கால்களில் கடைசிப் பகுதியை உள்ளேயே வைத்து ஊன்றினேன். அந்தப் பகுதியை இறுக்கும் பூட்டு மணலுக்குள் புதைந்தது. கடைசிப் பகுதியை முதலில் நீட்டி, பூட்டைத் தரைக்கு மேலே நிறுத்த வேண்டும் என்பதைக் கற்க எனக்கு ஒரு டிரைபாட் செலவானது. வெட்டவெளியில் லென்ஸ் மாற்றுவதை அன்றோடு விட்டேன். துணியால் துடைப்பதையும் விட்டேன்; ஊதுபந்து போதும். ஆங்கிலேயப் பயணி வில்ஃப்ரெட் தெசிகர் 1940களில் இந்த வெற்று நிலத்தை இருமுறை கடந்தபோது தன் லைக்கா கேமராவை ஆட்டுத்தோல் பையில் வைத்திருந்தார். என் பை விலை அதிகம். ஜிப் இரண்டு முறை அறுந்தது.

மேகமூட்டத்தில் மணலை எடுக்கப் போகாதீர்கள் என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. நிழல் இல்லாத நாளில் நெருங்கிப் போய் வளைவுகளை மட்டும் எடுத்தால் கோலம்போல் வரும். மூடுபனி இன்னும் நல்லது. தை மாதத்தில் ஒருநாள் விடியும்போது பள்ளமெல்லாம் பனியில் மூழ்கி, முகடுகள் மட்டும் தீவுகளாக நின்றன. நானோ ஏசி ஓடிய காருக்குள் கேமராவை வைத்திருந்தேன். வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுக்க நீர் படிந்து, இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதன்பின் கேமரா டிக்கியில்தான் வருகிறது.

மழை ஒரே ஒருமுறை. 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பக்கத்துக் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் பெய்தது. 1949இல் தொடங்கும் ஐக்கிய அரபு அமீரகத்தின் மழைப் பதிவுகளில் அதுவே உச்சம். சாலைகள் திறந்த பிறகு அந்தப் பக்கத்துச் செம்மணலுக்குப் போனேன். ஈரம் கோத்த மணல் பனங்கருப்பட்டி நிறத்தில் இறுகியிருக்க, காய்ந்த மணல் அதன்மேல் வெளிர் பட்டைகளாக ஓடியிருந்தது. திசையன்விளைப் பக்கத்துத் தேரியில், அதாவது செம்மணல் காட்டில், வளர்ந்தவன் நான். மழைக்குப் பிந்தைய செம்மண்ணைப் பார்த்து ஒரு கணம் வண்டியை விட்டு இறங்கவே தோன்றவில்லை.

போன மாதம் லென்ஸை விற்றுவிட்டுப் புதியது வாங்க நினைத்தேன். வாங்க வந்த தம்பி, ஜூம் வளையத்தைக் காதருகே வைத்து மெல்லத் திருப்பினான். 135-ஐத் தாண்டும்போது அது கரகரத்தது.

"அண்ணே, இதைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோனீர்களா?"

விலையை அவன் பாதியாகக் குறைத்தான். நான் லென்ஸை அவனிடமிருந்து திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஷமால் வீசும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது.