முட்டி வலிக்கு லைட்டுன்னு சொல்லி 18,500 ரூபாய ஏமாத்திட்டாங்க, வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டு வாங்குங்க

இன்னைக்குக் காலையிலயும் லைட்டை வித்தவங்க நம்பருக்கு மெசேஜ் போட்டுப் பாத்தேன், ஒரு டிக்கோட நிக்குது, பிளாக் பண்ணிட்டாங்க. 18,500 ரூபா. நேத்து ராத்திரி என் தங்கச்சி போன்ல இதே வெளம்பரம் ஓடுனதைப் பாத்ததும் எனக்கு உடம்பெல்லாம் பதறிருச்சு, அதான் உடனே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். இந்த மாதிரி லைட் வாங்குறவங்க என்னென்ன பாக்கணும்னு கடைசியில வெவரமா சொல்றேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

எங்களுக்கு மதுரை. அம்மாவுக்கு 63 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம், கூடவே பல வருஷமா சுகர். போன மாசம் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு இருந்தேன். அங்க செவப்பு பல்ப் மாட்டுன ஸ்டாண்டு லைட்டைத் தள்ளி நிறுத்தி முட்டியில கால் மணி நேரம் சூடு காட்டுவாங்க, அப்புறம் பயிற்சி. அந்த லைட் அம்மாவுக்கு அவ்வளவு இதமா இருந்துச்சு, அன்னைக்கு ராத்திரியாவது முனகாம தூங்குவாங்க. ஆனா ஒரு தடவைக்கு 300 ரூபா, ஆட்டோ போக வர 200, எனக்கு அரை நாள் லீவு. வீட்டுலயே ஒண்ணு வாங்கி வச்சிட்டா என்னன்னு தோணுச்சு, அங்கதான் வந்து மாட்டுனோம்.

எல்லாரும் துணிமணி வாங்குற பெரிய ஷாப்பிங் ஆப் ஒண்ணுலதான் பாத்தேன். பேர் போட விரும்பல, கம்ப்ளைன்ட் போயிட்டு இருக்கு. 1500 வாட், 300 எல்இடி, பாதி 660 நானோமீட்டர் ரெட் லைட், பாதி 850 நானோமீட்டர் இன்ஃப்ராரெட், கூடவே கட்டில்ல மாட்டுற கிளிப் வச்ச 250 வாட் ஹீட் பல்ப் ஃப்ரீ, 19,999 ரூபான்னு போட்டிருந்துச்சு. கேஷ் ஆன் டெலிவரிதானேன்னு தைரியமா ஆர்டர் போட்டேன். அரை மணி நேரத்துல ஒரு போன்.

ஒரு பொண்ணு பேசுச்சு, நல்ல தமிழ், நம்ம ஊரு பேச்சு. எடுத்த எடுப்புல வியாபாரமே பேசல. "அக்கா, அம்மாவுக்கு மாடி ஏறும்போது வலியா, இறங்கும்போது வலியா? காலையில எந்திரிச்சதும் கால் எவ்வளவு நேரம் பிடிச்ச மாதிரி இருக்கு? ராத்திரி முட்டிக்கு அடியில தலகாணி வச்சுக்கிறாங்களா?"ன்னு ஒண்ணொண்ணா கேட்டுச்சு. எங்க எலும்பு டாக்டர் கேட்ட அதே கேள்வி. போனை அம்மாகிட்டயே குடுத்தேன், அம்மா பத்து நிமிஷம் பேசுனாங்க, பேசிட்டு "இந்தப் புள்ளைக்கு நம்ம கஷ்டம் புரியுதுடி"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தையில நான் விழுந்துட்டேன். அம்மாவுக்கு சுகர் இருக்குன்னு நானே சொன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு, "சுகர் இருந்தா இன்னும் நல்லது அக்கா, ரத்த ஓட்டம் கூடும்"னு சொல்லிச்சு. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்புறம்தான் பேச்சு திரும்புச்சு. ஆப்ல வாங்குனா கமிஷன் போகுது, அதை கேன்சல் பண்ணிட்டு நேரா யுபிஐல போட்டா 18,500, மூணு வருஷம் வாரன்டியும் உண்டுன்னு சொல்லிச்சு. தங்க முத்திரை, கழுகுப் படமெல்லாம் போட்ட அமெரிக்கா எஃப்டிஏ சர்டிஃபிகேட் ஒண்ணும் வாட்ஸ்அப்ல வந்துச்சு. தங்கச்சி வளைகாப்புக்குன்னு சீட்டு எடுத்து வச்சிருந்த காசு, அதைத் தூக்கிப் போட்டேன். (எஃப்டிஏங்குறது மருந்து, மருத்துவக் கருவியெல்லாம் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பு. அவங்க கருவி கம்பெனிங்களுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட்னு எதையும் குடுக்குறதே இல்லையாம், ரெஜிஸ்டர் பண்ணிட்டா அது அனுமதி குடுத்த மாதிரியும் கிடையாதாம். இது எனக்கு இப்பத்தான் தெரியும்.)

ஆறு நாள் கழிச்சுப் பெட்டி வந்துச்சு, உள்ள பில்லு இல்ல, கம்பெனி அட்ரஸ் இல்ல. பேனலைப் போட்டா பாதி லைட் செவப்பா எரியுது, பாதி இருட்டா கெடக்கு. கேட்டா "இன்ஃப்ராரெட் கண்ணுக்குத் தெரியாது மேடம்"னு பதில். அதுவரைக்கும் அக்கா, காசு போன பெறகு மேடம். நானும் படிச்ச ஞாபகத்துல ஆமால்லன்னு நம்பிட்டேன். முட்டியில வச்சா துளி சூடு கூட தெரியல. அதுக்கு, "21 நாள் விடாம காட்டணும், அப்பத்தான் ரிசல்ட், சூடு வேணும்னா கூட வந்த பல்பை அரை அடி தள்ளி வச்சு அரை மணி நேரம் காட்டுங்க"ன்னாங்க. திருப்பி அனுப்புற கெடு ஏழே நாள்னு பெட்டிக்குள்ள குட்டி எழுத்துல போட்டிருக்கு. 21 நாள் கதை எதுக்குன்னு இப்பப் புரியுதா?

பன்னெண்டாவது நாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மா தைலம் தேச்சிட்டு அந்த பல்பைக் கட்டில்ல மாட்டிட்டு உக்காந்திருக்காங்க, கிளிப் லூசு, பல்ப் கொஞ்சம் கொஞ்சமா கீழ எறங்கியிருக்கு, அம்மா கண்ணசந்துட்டாங்க. சாயங்காலம் வந்து சேலையை விலக்கிப் பாத்தா முட்டிக்குக் கீழ பழைய அஞ்சு ரூபா காசு சைஸுக்குக் கொப்புளம், தோல் கண்ணாடி மாதிரி நிக்குது, உள்ள தண்ணி. "வலிக்கலையாம்மா"ன்னு கேட்டா "ஒண்ணும் தெரியலையேடி"ங்குறாங்க. எனக்கு அழுகைதான் வந்துச்சு.

மறுநாள் டாக்டர்கிட்ட கட்டுப் போட்டுட்டு பிசியோதெரபி மேடத்தைப் போய் பாத்தேன், திட்டுன திட்டு கொஞ்ச நஞ்சமில்ல, ஆனா ஞாயமான திட்டு. சுகர்ல கால் நரம்பு மரத்துப் போயிருக்கும், சூடு ஏறுறது மூளைக்கே தெரியாது. அதனாலதான் அவங்க லைட் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்ல ஒண்ணுல வெந்நி, ஒண்ணுல பச்சத்தண்ணி வச்சு, அம்மா கண்ணை மூடச் சொல்லி, கால்ல தொட்டுத் தொட்டு எது சூடுன்னு கேட்டிருக்காங்க. நான் பாத்துட்டுத்தான் நின்னேன், அது எதுக்குன்னு அன்னைக்குத் தெரியல. அதுல முட்டிக்குக் கீழ உணர்வு கம்மின்னு தெரிஞ்சதாலதான் லைட்டை ரெண்டடிக்கு மேல தள்ளி வச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தோலைத் தொட்டுப் பாத்திருக்காங்க. அரை அடிங்குறதெல்லாம் அடுப்புல கால வைக்கிற மாதிரின்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க, இந்த சூடு தசையை இளக்கும், வலியைக் கொஞ்ச நேரம் அமத்தும், தேஞ்ச ஜவ்வை வளர வைக்காது, கால் பயிற்சிதான் முக்கியம்.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் அந்தப் பேனலை வாங்கிப் பாத்ததும், "1500 வாட்னா பெரிய பவர் பிளக்ல வந்திருக்கணும்மா, இது என்ன சார்ஜர் மாதிரி ரெண்டு பின்னு"ன்னார். பிளக்ல மாட்டுற மீட்டர் வச்சுப் பாத்தா 38 வாட். எங்க வீட்டு சீலிங் ஃபேனே 75. அப்புறம் டிவி ரிமோட்டை என் போன் செல்ஃபி கேமராவுக்கு நேரா காட்டி ஒரு பட்டனை அமுக்குனார், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஸ்கிரீன்ல பளிச்னு தெரிஞ்சுச்சு. அதே கேமராவை அந்தப் பேனல்கிட்ட கொண்டு போனா இருட்டா கெடந்த பல்ப் எல்லாம் ஸ்கிரீன்லயும் இருட்டு. இன்ஃப்ராரெட்டே கிடையாது. அவங்க சொன்ன 850 நானோமீட்டர் பல்ப்னா வெறும் கண்ணுக்கே மங்கலா செவப்பு தெரியுமாம். 150 செத்த பல்ப், 150 செவப்பு பல்ப், 18,500 ரூபா.

அதுக்கப்புறம் அலைய விட்டாங்க பாருங்க. முதல் நாள் "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க". மூணாவது நாள் "வீடியோ எடுத்து அனுப்புங்க". அனுப்பினேன். "வீடியோ கிளியரா இல்ல". மறுபடி அனுப்பினேன். "ஏழு நாள் தாண்டிருச்சு மேடம், பாலிசி". அம்மா கால் போட்டோவை அனுப்பினேன், அதுக்கு வந்த பதில் "தைலம் தேச்சது உங்க தப்பு". தைலம் தேய்க்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா இவங்க? அம்மாகிட்ட அவ்வளவு அக்கறையா பேசுன பொண்ணு இருக்கான்னு கேட்டா அப்படி யாரும் இங்க இல்லையாம். ஷாப்பிங் ஆப்ல கேட்டா "நீங்களே ஆர்டரை கேன்சல் பண்ணிட்டீங்க, எங்களுக்குச் சம்பந்தம் இல்ல"ன்னு சாட்டிங்கை மூடிட்டாங்க. அடுத்த நிமிஷம் எங்க சர்வீஸுக்கு எத்தனை ஸ்டார் குடுப்பீங்கன்னு மெசேஜ். ஒரு வயசானவங்க கால் வெந்து கெடக்கு, ஸ்டார் கேக்குறாங்க.

சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணி யுபிஐ விவரம் குடுத்துட்டேன், ஆனா ரொம்ப லேட், பணம் போன உடனே கூப்பிட்டிருந்தா நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்குமாம். நுகர்வோர் உதவி நம்பர் 1915லயும் பதிஞ்சாச்சு. 5 லட்சம் வரைக்கும் நுகர்வோர் கமிஷன்ல ஃபீஸ் கிடையாதுன்னு சொன்னாங்க, 18,500 ரூபாய விடுறதா இல்ல, பெட்டி, சாட், போட்டோ எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்.

வெவரமா சொல்றேன்னேன், அம்மாவுக்கு டிரஸ்ஸிங் மாத்தக் கிளம்பணும், அதனால சுருக்கமா. ஆப்ல போட்ட ஆர்டரை கேன்சல் பண்ணிட்டு நேரா காசு போடச் சொன்னா போனை வச்சிருங்க. பில்லு இல்லாம எதையும் வாங்காதீங்க. வந்த அன்னைக்கே ரிமோட், செல்ஃபி கேமரா வச்சு சோதிச்சிருங்க, 21 நாள்னு சொன்னா நம்பாதீங்க. சுகர் இருக்குறவங்க, கால் மரத்துப் போறவங்க டாக்டரைக் கேக்காம சூட்டு லைட் பக்கமே போகாதீங்க, தைலம் தேச்சிட்டு வேண்டவே வேண்டாம், தனியா விட்டுட்டுப் போகாதீங்க. அந்தப் பொண்ணு குரல்ல "அக்கா, அம்மாவுக்கு மாடி ஏறும்போது வலியா"ன்னு உங்களுக்கும் போன் வந்தா, நம்பரை எனக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க, கம்ப்ளைன்ட்ல சேத்துக்கிறேன்.