ஹோம், எண்ட் இல்லாத லேப்டாப்: ஒரு வருடத்துக்குப் பிறகு

இந்த 14 அங்குல லேப்டாப்பை வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எடை, பேட்டரி, திரை எதிலும் குறை இல்லை, சொல்ல வேண்டியது கீபோர்டைப் பற்றித்தான். ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன் எதற்கும் தனி விசை கிடையாது, எஃப்என் (Fn) விசையோடு அம்புக்குறியைச் சேர்த்து அழுத்த வேண்டும். வலப்பக்க கன்ட்ரோலும், மவுஸின் வலது கிளிக் மெனுவைத் திறக்கும் மெனு விசையும் போய், அந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டைத் திறக்கும் விசை வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை அறிவித்ததிலிருந்து பல புது லேப்டாப்களில் இதே நிலைதான்.

நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்து, மெய்ப்பும் பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வரியின் தொடக்கத்துக்குத் தாவுவது, அங்கிருந்து கடைசிவரை தேர்வு செய்வது, சிவப்புக்கோடு விழுந்த சொல்லில் நின்று மெனு விசையைத் தட்டுவது, எல்லாம் விரல் தானாகச் செய்கிற வேலைகள். எஃப்என் இடது மூலையில், அம்புக்குறி வலது மூலையில், நடுவில் ஷிஃப்ட் வேறு. இரண்டு கையும் இடம் மாறினால் கவனம் வாக்கியத்தை விட்டுப் போய்விடுகிறது.

எனக்குக் கைகொடுத்தது கேப்ஸ் லாக். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது, தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் அடிக்கிறவருக்கு அவ்வளவு நல்ல இடத்தில் அவ்வளவு பெரிய விசை சும்மா கிடக்கிறது. ஷார்ப்கீஸ் என்ற இலவச மென்பொருளில் கேப்ஸ் லாக்கை ஹோமாகவும் வலது ஆல்ட்டை எண்டாகவும் மாற்றினேன். இடது பக்கம் தொடக்கம், வலது பக்கம் முடிவு என்பதால் சீக்கிரமே பழகிவிட்டது. இது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிடுவதால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும், பின்னணியில் எதுவும் ஓட வேண்டியதில்லை. இந்திய ஆங்கில லேஅவுட்டில் வலது ஆல்ட்டோடு 4 அடித்து ₹ போடுகிறவர்கள் மட்டும் இனி கன்ட்ரோல், ஆல்ட், 4 என்று மூன்றையும் அழுத்த வேண்டும்.

கோபைலட் விசைக்கு இந்த வழி சரிவராது. அது தனி விசையாகவே நடந்துகொள்வதில்லை, ஷிஃப்ட், விண்டோஸ், எஃப்23 மூன்றையும் ஒன்றாக அனுப்புகிறது. மைக்ரோசாஃப்ட்டின் இலவச மென்பொருளான பவர்டாய்ஸில் உள்ள கீபோர்ட் மேனேஜரில் அந்தக் கூட்டையே ஷார்ட்கட்டாகக் கொடுத்து மெனு விசையாக மாற்றிக்கொண்டேன். பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் இது வேலை செய்யும். மென்பொருள் எதுவும் போட முடியாத அலுவலகக் கணினி என்றால் ஷிஃப்ட்டோடு எஃப்10 அடியுங்கள், அதே மெனு வரும்.

திரையைப் படம் பிடிக்க, பிரிண்ட் ஸ்கிரீன் விசைக்குப் பதில் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அப்புறம் நம்பர் பேட், கணக்கு வேலை இருந்தால் தனியாக ஒரு யூஎஸ்பி பேட் வாங்கிவிடுங்கள், வேறு வழி தேட வேண்டாம்.

ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஷார்ப்கீஸில் செய்த மாற்றம் லேப்டாப் கீபோர்டோடு நிற்காது, வெளியே இணைக்கிற கீபோர்டுக்கும் சேர்த்தே பொருந்தும். வீட்டில் முழு அளவு கீபோர்டைச் செருகினால் அதிலும் கேப்ஸ் லாக் ஹோமாகத்தான் இருக்கும். எனக்கு அது வசதியாகவே இருக்கிறது. அதே கணினியில் வீட்டில் வேறு யாராவது ஆங்கிலத்தில் அடிப்பார்கள் என்றால் அவர்களிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.