ஹிப், லிஸ்ப், குயிக்: வைஃபை மாறினாலும் அறுபடாத இணைப்பு எதில்?

செல்லூரில் வீட்டு வைஃபையில் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக இயக்கும் வழி) போட்டு சர்வரில் வேலை பார்த்துக்கொண்டே போனோடு தெருவில் இறங்குங்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் திரை அப்படியே நின்றுவிடும்; தட்டுகிற எழுத்து வராது. இரு முனைகளின் ஐபி முகவரி, போர்ட் எண் ஆகிய நான்கையும் வைத்துத்தான் டிசிபி (தரவு விடுபடாமல் வரிசையாகப் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறை) ஓர் இணைப்பை அறிகிறது. மேலமாசி வீதியிலிருந்து வில்லாபுரத்துக்குக் குடிபோனவரை ஆளே வேறு என்பது போலத்தான்.

'யார்' என்பதையும் 'எங்கே' என்பதையும் பிரித்துவிட்டால் தீர்ந்தது. எப்படிப் பிரிப்பது என்பதில்தான் ஹிப், லிஸ்ப், குயிக் என்ற மூன்று நெறிமுறைகளுக்கும் தகராறு.

ஹிப்தான் (HIP, ஹோஸ்ட் ஐடென்டிட்டி புரோட்டோகால்) இருப்பதிலேயே சுத்தமான வடிவமைப்பு. கணினியின் பப்ளிக் கீயே (எல்லோருக்கும் காட்டக்கூடிய மறையாக்கச் சாவி) அதன் அடையாளம். அதிலிருந்து எடுத்த 128 பிட் குறியீட்டைத்தான் டிசிபி பார்க்கும். அடியில் ஐபி எத்தனை முறை மாறினாலும் அதற்குக் கவலையில்லை. இடம் மாறிய தகவலும் கையெழுத்தோடு போவதால், நடுவில் எவரும் ஆள்மாறாட்டம் செய்து இணைப்பைப் பறிக்க முடியாது. 2008இல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 5201, 2015இல் 7401 என்று இரண்டு பதிப்பும் வந்தாயிற்று. ஆனால் இரு முனைகளிலும் ஹிப் இருந்தாக வேண்டும். சரி, யார் முதலில் போடுவது? அங்கேயே நின்றுவிட்டது.

லிஸ்ப் (LISP, லொக்கேட்டர்/ஐடி செபரேஷன் புரோட்டோகால்; அதே பெயரில் உள்ள நிரல்மொழி அல்ல) வேறு நோய்க்கான மருந்து. ரவுட்டிங் டேபிள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரவுட்டர்கள் வைத்திருக்கும் பட்டியல்) வீங்குவதைப் பற்றி 2006இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிப் பேசியதிலிருந்து வளர்ந்தது. போனைத் தொடாது, வலையின் எல்லையிலுள்ள விளிம்பு ரவுட்டரே பாக்கெட்டுக்கு மேல் இன்னொரு தலைப்பைச் சுற்றும், ஐபிவி4இல் 36 பைட் கூடுதல். வடபழஞ்சியில் இரண்டு இணைய லைன் வாங்கி வைத்திருக்கும் அலுவலகத்துக்குச் சரி, செல்லூர்க்காரருக்கு உதவாது.

குயிக் (QUIC, ஆர்எஃப்சி 9000, 2021) யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யூடிபி (முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் எளிய நெறிமுறை) மேல் உட்கார்ந்து, இணைப்புக்கென்று தனி அடையாள எண் வைத்துக்கொண்டது. முகவரி மாறினால் சர்வர் ஒரு சோதனைப் பாக்கெட் அனுப்பி உறுதி செய்துகொள்ளும். பாதை மாறும்போது அடையாள எண்ணையும் மாற்றுவதால், வேவு பார்ப்பவர் பின்தொடர்வதும் கடினம். ஆப்பிலேயே வைத்து அனுப்பலாம், கெர்னலை (இயங்குதளத்தின் உட்கரு) தொட வேண்டாம். என் ஓட்டு இதற்குத்தான், கொஞ்சம் வருத்தத்தோடு: அடையாளம் அந்த ஓர் இணைப்புக்குத்தான், கணினிக்கு அல்ல. இரு முனையும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் தேடிப்பிடிக்க வழியில்லை. ஹிப்பில் அதற்கென்றே சந்திப்பு சர்வர் உண்டு.

வழக்கமான எஸ்எஸ்எச் ஓடுவது இன்னும் டிசிபியில்தான். அது குயிக்குக்கு மாறும்வரை சர்வரிலும் போனிலும் மோஷ் (முகவரி மாறினாலும் அறுபடாத, யூடிபியில் ஓடும் எஸ்எஸ்எச் மாற்று) போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஃபயர்வாலில் யூடிபி 60000 முதல் 61000 வரை திறந்துவிட வேண்டும்.